வீட்டுமொழி ஆங்கிலம், வாசிக்க வந்தது ஜப்பானியம்: ஏ.எஸ். என்ற மாணவரின் நிகழ்வு ஆய்வு

ஜப்பானில் 16 வயது மாணவர் ஒருவர். அப்பா ஆஸ்திரேலியர், அம்மா ஆங்கிலேயர். இருவரும் நன்கு படித்தவர்கள், வாசிப்பில் ஊறியவர்கள். வீட்டில் பேச்சு ஆங்கிலம். மகன் பிறந்தது ஜப்பானில். படிப்பதும் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் ஒரு ஜப்பானிய மேல்நிலைப் பள்ளியில்தான். இவருக்கு இரண்டு மொழிகளில் ஒன்றை வாசிப்பது பெரும்பாடாக இருந்தது. எந்த மொழி என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஜப்பானியம் என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஜப்பானியத்தில் அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்திருந்த, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் மட்டும் அப்போது 1,945. அதற்கு மேல் ஹிராகானா, கட்டகானா என்று இரண்டு வரிசை கானா எழுத்துகள் வேறு.

நடந்தது நேர்மாறு. ஜப்பானியத்தில் அவர் பல்கலைக்கழக மாணவர்களின் மட்டத்தில் வாசித்தார். தடுமாறியது ஆங்கிலத்தில். பிறந்ததிலிருந்து பேசிவரும் ஆங்கிலத்தில்.

ஆய்வுலகில் இவர் ஏ.எஸ். என்ற இரண்டு எழுத்தால் மட்டுமே அறியப்படுகிறார். டேகோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் 'காக்னிஷன்' இதழில் இவரைப் பற்றி எழுதினார்கள். ஒரு மொழியில் மட்டும் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, உள்ள இருமொழியாளர் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஆங்கில வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஏ.எஸ். பற்றித் தெரிந்துகொண்ட பிறகு நான் பிள்ளைகளைச் சோதிக்கும் முறையே மாறிப்போனது. அதனால்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுத ஆசைப்பட்டேன்.

சோதனைகளில் தெரிந்தது

கான்ஜியிலும் கானாவிலும் ஏ.எஸ். காட்டிய திறமை ஜப்பானியப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கும், சில இடங்களில் பட்டதாரிகளுக்கும் இணையாக இருந்தது. ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து இரண்டுமே மிகக் கீழே. சொற்களின் ஒலியைப் பிரித்துக் கையாளும் சோதனைகளிலும் அப்படியே.

யாரோடு ஒப்பிட்டுக் கீழே என்கிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. இங்கிலாந்துப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், "ஜப்பானியப் பள்ளியில் படித்தவர், ஆங்கிலப் புத்தகம் அதிகம் தொட்டிருக்க மாட்டார்" என்று சொல்லித் தாண்டிப் போய்விடலாம். ஆனால் அவருடைய வயதுள்ள ஜப்பானிய மாணவர்களோடு ஒப்பிட்டபோதும் ஏ.எஸ். பின்தங்கியே இருந்தார். அந்தக் காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தைத் தொடுவதே 12 வயது வாக்கில், நடுநிலைப் பள்ளியில்தான். வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளைகள், நான்கு ஆண்டுப் பாடப்படிப்பை வைத்துக்கொண்டு, ஆங்கிலத் தாய்மொழிக்காரரை ஆங்கில வாசிப்பில் முந்துகிறார்கள். பழக்கம் போதவில்லை என்ற விளக்கம் இதற்கு முன்னால் நிற்காது.

சரி, காதில் குறையா? அதுவும் இல்லை. ஆங்கில எழுத்துகளின் பெயரும் அவற்றின் ஒலியும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஒலிகளை இனம் பிரித்துக் கேட்கும் திறனும் ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களின் இயல்பான அளவிலேயே இருந்தது. பேச்சில் சிக்கல் கிடையாது. சோம்பலா? தேர்வெழுதிச் சேரும் பள்ளியில் கான்ஜியை அந்த அளவுக்குக் கற்றவரைப் பார்த்துச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

குறை இருந்தது மிகக் குறுகிய ஓர் இடத்தில். காதில் விழுந்த சொல்லை மனத்துக்குள் தனித்தனி ஒலியாக உடைத்து, உடைத்ததை மாற்றிக் கோக்கும் இடம் அது. இந்த வகைச் சோதனைகளில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால் எளிதாகப் புரியும். "ஸ்டாப் என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிடு, மிச்சம் என்ன?" டாப் என்று சொல்ல வேண்டும். இரண்டு சொற்களைக் கொடுத்து முதல் ஒலிகளை இடம் மாற்றச் சொல்வார்கள். அப்புறம், எந்த அகராதியிலும் இல்லாத, பொருளே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. எழுத்தெழுத்தாக ஒலியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

அரிசியா, நொய்யா, மாவா

ஒரே மூளை, ஒரே குறை. ஆனால் ஒரு மொழியில் அது வெளியே வருகிறது, இன்னொன்றில் வரவே இல்லை. ஏன்? வைடெலும் பட்டர்வொர்த்தும் இரண்டு கேள்விகளை வைத்து இதை விளக்குகிறார்கள். ஓர் எழுத்து எவ்வளவு பெரிய ஒலித்துண்டைப் பிடித்திருக்கிறது? அந்த எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு எவ்வளவு நிலையானது?

முதல் கேள்விக்கு நம் சமையலறையிலேயே உவமை கிடைக்கிறது. முழு அரிசி, நொய், மாவு. கான்ஜி முழு அரிசி மாதிரி, ஓர் எழுத்தே ஒரு சொல்லாகவோ சொல்லின் பெரும் பாதியாகவோ நிற்கும். கானா நொய், ஓர் எழுத்து ஓர் அசை அளவு ஒலியைத் தாங்கும். ஆங்கிலம் மாவு, எழுத்து தனி ஒலி வரைக்கும் இறங்கிவிடும்.

இரண்டாவது கேள்வியில் கானாவுக்கு நல்ல பெயர். அடிப்படை எழுத்துகள் 46. 'க' என்ற ஒலிக்குரிய ஹிராகானா எழுத்து சொல்லின் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் 'க'தான். (கானா வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். பௌத்தத் துறவிகளோடு இந்தியாவிலிருந்து போன சித்தம் எழுத்துமுறையின் அடுக்கு அது. தமிழ் நெடுங்கணக்கு படித்த யாருக்கும் கேட்டவுடன் பிடிபடும். ஜப்பானியர்கள் சொல்லின் நீளத்தை எண்ணும் முறைகூட நம் மாத்திரைக் கணக்குக்குப் பக்கத்து வீடுதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.)

கான்ஜியின் கதை வேறு. 'பிறப்பு, உயிர்' என்று பொருள் தரும் ஓர் எழுத்து உண்டு. 'சென்செய்' என்ற சொல்லில், அதாவது ஆசிரியர் என்பதில், அதை 'செய்' என்று வாசிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் என்ற பொருளில் வரும் 'இஷ்ஷோ'வில் அதே எழுத்து 'ஷோ'. தனியே நின்று 'பச்சையான, சமைக்காத' என்று பொருள்படும்போது 'நாமா'. இன்னும் இருக்கிறது. 'இன்று' என்பதற்கு 'இப்போது', 'நாள்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதி 'கியோ' என்று வாசிக்கிறார்கள். அந்தக் 'கியோ'வில் எந்தத் துண்டு எந்த எழுத்துக்கு உரியது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. 'பெரிய', 'மனிதர்' என்ற இரண்டையும் சேர்த்தால் 'ஒதோனா', வளர்ந்தவர். அதுவும் பிரியாது. ஆக, ஒலி நிலையில்லாமை என்று பார்த்தால் கான்ஜி ஆங்கிலத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆனாலும் அங்கே ஏ.எஸ். வழுக்கவில்லை. கான்ஜி யாரிடமும் ஒலியை மாவாக அரைக்கச் சொல்வதில்லை. சொல்லை முழுசாகப் பார், முழுசாகச் சொல், அவ்வளவுதான். நினைவாற்றல் இருந்தால் போதும், அது ஏ.எஸ்.-இடம் தாராளமாக இருந்தது.

ஆங்கிலத்தில்தான் இரண்டு சங்கடமும் ஒன்றுசேர்கின்றன. மாவு வரைக்கும் அரைக்கவும் வேண்டும், அரைத்த மாவு ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஓ-யு-ஜி-எச் என்ற நான்கு எழுத்துகள் காஃப், த்ரூ, தோ, டஃப் என்ற நான்கு சொற்களில் நான்கு விதமாக ஒலிக்கின்றன. ஐரோப்பாவின் 13 மொழிகளில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003-ல் வந்தது. முதல் வகுப்பு முடியும்போது பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் பழகிய சொற்களில் 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 சதவீதம். எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளுக்கே நிலைமை இது.

இதிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நிலையாக இருக்கும் மொழியில், துண்டு எவ்வளவு சிறிதானாலும் ஒலி சார்ந்த டிஸ்லெக்சியா அதிகம் தலைகாட்டாது. ஓர் எழுத்து பிடிக்கும் துண்டு பெரிதாக இருந்தால், உறவு நிலையில்லாமல் இருந்தாலும் அது அதிகம் தலைகாட்டாது. சிறு துண்டு, நிலையற்ற உறவு, இரண்டும் சேரும் மொழியில்தான் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

சொற்கிடங்கு ஒன்றா, இரண்டா

இந்த இடத்தில் எனக்கு ஒரு முரண் உறுத்தியது. இருமொழியாளர்களின் மூளையில் இரண்டு மொழிச் சொற்களும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஏ.எஸ். ஆய்வு வெளிவந்த அதே 1999-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்பைவி, மரியான் இருவரும் ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். மேசையில் சில பொருள்கள். ரஷ்ய மொழியில் தபால்தலையை எடுக்கச் சொல்கிறார்கள். தபால்தலைக்கு ரஷ்யச் சொல் 'மார்கா'. கேட்டவரின் கண், தபால்தலைக்குப் போகும் வழியில், பக்கத்தில் கிடக்கும் மார்க்கர் பேனாவையும் ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகிறது. காதில் விழுந்தது ரஷ்யம் மட்டும்தான், ஆனால் ஆங்கிலச் சொல்லும் உள்ளே விழித்துக்கொள்கிறது.

2007-ல் தியெரியும் வூவும் செய்தது இன்னும் ஆழமானது. சீனமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலச் சொற்களை மட்டும் இரண்டிரண்டாகக் காட்டி, பொருளில் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். சில சோடிகளில் ஒரு கமுக்கம் இருந்தது. ரயிலும் பன்றித்தொடை இறைச்சியும் பொருளில் சம்பந்தமே இல்லாதவை. சீனத்தில் ஒன்று 'ஹுவோச்சே', மற்றது 'ஹுவோதுய்'. இரண்டும் நெருப்பு என்ற அதே எழுத்தில் தொடங்குகின்றன. பங்கேற்றவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அவர்களுடைய மூளையின் மின் அலை மட்டும் அந்தச் சோடிகளில் வேறு மாதிரி எழுந்தது. சீனச் சொல் ஒன்றுகூடக் கண்ணில் படாமலே சீனம் உள்ளே வேலை செய்திருக்கிறது.

இப்படி இரண்டும் பின்னிக்கிடக்கிறது என்றால் ஏ.எஸ்.-க்கு மட்டும் எப்படி நடுவே கோடு விழுந்தது? பல நாள் யோசித்து நான் வந்து சேர்ந்த விளக்கம் இது. கோடு விழுந்தது சொற்கிடங்கில் அல்ல, கிடங்குக்குப் போகும் வழியில். ஒரு சொல் காது வழியாக வந்தால் ஏ.எஸ்.-க்கு இரண்டு மொழிகளும் திறந்தே இருந்தன. கண் வழியாக வரும்போது, எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதையை ஒவ்வொரு எழுத்துமுறையும் தனக்கென்று போட்டு வைத்திருக்கிறது. ஜப்பானியம் போட்ட பாதையில் அவருடைய குறுகிய இடம் குறுக்கே வரவே இல்லை. ஆங்கிலப் பாதை அதன் நடுவிலேயே போகிறது.

கேள்விகளும் உண்டு

ஒரே ஒரு மாணவர். அவரை வைத்து உலகத்து எழுத்துமுறைகளை எல்லாம் அளக்கலாமா? இது நியாயமான கேள்வி. கருதுகோளை முழுதாக ஏற்க எனக்கும் தயக்கம் உண்டு.

ஜப்பானில் வாசிப்புக் குறைபாடு அரிது என்ற பேச்சுக்கு மகிதா 1968-ல் வெளியிட்ட கணக்கு ஒரு தொடக்கம், 0.98 சதவீதம். அது ஆசிரியர்களைக் கேட்டு எடுத்த கணக்கு. வைடெலும் பங்கெடுத்து, பிள்ளைகளை நேரடியாகச் சோதித்து 2009-ல் வெளிவந்த ஆய்வில் ஹிராகானா வாசிக்கத் தடுமாறியவர்கள் 0.2 சதவீதம், கட்டகானாவில் 1.4 சதவீதம், கான்ஜியில் 6.9 சதவீதம். கானாவைப் பொறுத்தவரை கருதுகோள் அப்படியே பலிக்கிறது. கான்ஜியில் அவ்வளவு எளிதாக ஒத்துப்போகவில்லை. கான்ஜியில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒலி தவிர, காட்சி நினைவு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். சீனத்தில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்து 2004-ல் வெளியான ஆய்வு, இடப்பக்க நெற்றிப்பகுதியின் நடுமடிப்பைச் சுட்டியது. ஆங்கிலத்தில் வழக்கமாகச் சுட்டப்படும் இடம் அது அல்ல. ஹாங்காங்கில் சீனமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் சிலர் இரண்டிலும் தடுமாறுகிறார்கள், சிலர் ஒன்றில் மட்டும்.

இன்னொரு பக்கம் 2001-ன் ஐரோப்பிய ஆய்வு இருக்கிறது. பாவ்லேசு குழுவினர் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டு டிஸ்லெக்சியாக்காரர்களை ஒப்பிட்டார்கள். மூன்று நாட்டாருக்கும் மூளையின் இடப்பக்கப் பொட்டுப்பகுதியில் ஒரே வகை மந்தம். ஆனால் வாசிப்பில் இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விட நன்றாகவே செய்தார்கள். எழுதியபடி ஒலிக்கும் மொழி இத்தாலியம், அந்தக் குறையைப் பாதி மறைத்துக் கொடுத்துவிட்டது. தனித்தனி மனிதர்களிடம் அவர்கள் பார்த்ததை ஏ.எஸ். ஒரே ஆளுக்குள் காட்டியிருக்கிறார்.

தமிழ் எங்கே நிற்கிறது

இதை நான் என் மாணவர்களை வைத்தே யோசிக்க வேண்டியிருந்தது. நம் எழுத்தில் 'கி' என்பது ஒரே எழுத்து, உள்ளே இரண்டு ஒலி. அந்த வகையில் அது நொய் ரகம். ஒலி உறவு பெரும்பாலும் நிலையானது. 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் 'க' வெவ்வேறாக ஒலித்தாலும், இடத்தைப் பார்த்தே ஒலியைச் சொல்லிவிடலாம். ஆகவே ஒலியைப் பிரிப்பதில் குறையுள்ள பிள்ளை தமிழில் தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதுதான் அதிகம். எழுதும்போது ல, ள, ழ குழப்பம் வரும், ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் வருவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்துக்கு வந்த பிறகுதான் குறை தெரிகிறது. தெரியும்போது அதற்கு வைக்கப்படும் பெயர் அக்கறையின்மை, அல்லது 'வீட்டில் இங்கிலீஷ் பேசாததால்'. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசிய ஏ.எஸ்.-ஐ நினைக்கும்போது அந்தக் கடைசிப் பெயர் எவ்வளவு அவசரமானது என்று தெரியும்.

இதன் மறுபக்கமும் எனக்குக் கவலை தருகிறது. ஆங்கிலம் சரியாகக் கற்பிக்கப்படாத பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் மட்டும் சோதனை வைத்து டிஸ்லெக்சியா என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. இரண்டு மொழியிலும் சோதித்தால்தான் இந்த இரண்டு பிள்ளைகளையும் வேறுபடுத்த முடியும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளிலேயே டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் சோதனைத் தொகுப்பை உருவாக்கியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்துவிட்டது. சலுகை சட்டத்தில் இருக்கும்போது, யாருக்குக் குறை என்று சரியாகச் சொல்வது இன்னும் பொறுப்பான வேலை ஆகிவிடுகிறது.

பிறகு

ஏ.எஸ்.-ஐ ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. வைடெலும் கொண்டோவும் அவரை மறுபடி சோதித்து 2003-ல் எழுதினார்கள். ஒலியைப் பிரிக்கும் குறை அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில் அவர் ஒரு குறுக்குவழியை நம்பியிருந்தார். சொல்லின் வடிவத்தைப் பார்த்து, அதுபோலத் தோன்றும் தெரிந்த சொல்லை வைத்து வாசிப்பது. இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 'ஹார்ஸ்' என்று எழுதியிருக்கும், பிள்ளை 'ஹவுஸ்' என்று வாசிக்கும். ஐந்தெழுத்தில் நான்கு ஒன்றே, வடிவமும் ஒன்றே. கதையில் வீட்டுக்கு இடமிருந்தால் அப்படியே கடந்தும் போய்விடும்.

அப்படி ஒரு பையன் என்னிடம் வந்தான், ஒன்பது வயது. பள்ளியில் கொடுத்த குறிப்பில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. "தமிழ் நல்லாத்தான் படிக்கிறான் மேடம், இங்கிலீஷ்னா மட்டும் சோம்பேறித்தனம்" என்றார் அவன் அம்மா. தமிழ்ப் பாடநூலைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். மெதுவாக, தப்பில்லாமல் வாசித்தான். நிறுத்தி, "பட்டம்ங்கிற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துட்டா என்ன வரும்?" என்று கேட்டேன்.

"ட்டம்" என்றான், உடனே.

"எழுத்தை எடுக்க வேண்டாம். முதல் ஒலியை மட்டும் எடு."

மறுபடியும் "ட்டம்" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு "பட்டம்" என்றான். அப்புறம் பேசவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தமிழில் அவ்வளவு அழகாக வாசித்த அதே பிள்ளைக்குள், ஆங்கில வாசிப்புக்குத் தேவைப்படும் அந்த இடம் மூடிக் கிடந்தது.

ஒரு தாளில் 'ப' என்று எழுதி, பக்கத்தில் 'ப் + அ' என்று எழுதிக் கொடுத்தேன். உயிர்மெய் எப்படி உண்டாகிறது என்று இரண்டாம் வகுப்பிலேயே எழுதிப் பழகியிருக்கிறான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பென்சிலை எடுத்து 'ப்'பின் மேல் ஒரு கோடு போட்டான். மிச்சமிருந்த 'அ'வைத் தொட்டுக்கொண்டே, மெதுவாக, "அட்டம்" என்றான்.